300 விழுக்காடு பெரிதாக்கித்தான் விண்ணப்பிக்கிறேன்: அரசுத் தளங்களுடன் ஏழு ஆண்டுகள்

விழித்திரையின் நடுப்பகுதி பழுதுபட்டிருப்பதால் எதிரில் நிற்பவரின் முகம் எனக்குத் தெரியாது, ஓரங்கள் தெரியும். எழுத்தை வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கிக்கொண்டால், பார்வையைச் சற்றே ஒதுக்கி வைத்து வாசித்துவிடுவேன். இந்தப் பார்வையோடு வருமானச் சான்று, வில்லங்கச் சான்று, பட்டா நகல், சொத்து வரி என வீட்டின் அரசு வேலைகள் அனைத்தையும் ஏழு ஆண்டுகளாக இணையத்திலேயே செய்துவருகிறேன்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, குறைபார்வையைப் பார்வையின்மையிலிருந்து பிரித்தே வரையறுக்கிறது. நான் பயன்படுத்தும் தளங்களில் அந்த வேறுபாடு பெரும்பாலும் தெரிவதில்லை. பார்வையற்றோருக்குத் திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான், மற்றவர்களுக்கு மேலே மூன்று ‘அ’ பொத்தான்கள் என்று முடித்துவிடுகிறார்கள். அந்தப் பொத்தான் பத்திகளின் எழுத்தை ஒரு படி பெரிதாக்கும். நான் நிரப்ப வேண்டிய கட்டங்களைத் தொடுவதில்லை. ஆகவே உலாவியிலேயே 300 விழுக்காடு வரை பெரிதாக்குகிறேன். அப்போது, மற்றவர்கள் ஒரே பார்வையில் காணும் திரையில் ஒன்பதில் ஒரு பங்கு மட்டுமே என் முன் இருக்கும். எது எதற்கு அருகில் இருக்கிறது என்பதுதான் எனக்கு முதல் கேள்வி.

ஒருமுறை வருமானச் சான்றுக்கு எல்லாவற்றையும் நிரப்பி, ‘சமர்ப்பி’ பொத்தானை நான்கு முறை அழுத்தியும் ஒன்றும் நடக்கவில்லை. பள்ளியிலிருந்து வந்த மகள் எட்டிப் பார்த்து, “மேல மூலையில செவப்பா ஏதோ வந்து வந்து போகுதும்மா” என்றாள். அஞ்சல் குறியீட்டில் ஓர் இலக்கம் விடுபட்டிருக்கிறது என்ற அறிவிப்பு அது; சில நொடிகளில் மறைந்துவிடும். அதைத் திருத்துவதற்குள் அமர்வு காலாவதியாகி, நிரப்பியவை அனைத்தும் போயின. பிழையைத் தவறு நேர்ந்த கட்டத்துக்குக் கீழேயே காட்டி, நேரம் முடியுமுன் எச்சரித்து, ஒரே அழுத்தத்தில் நீட்டிக்க 20 நொடியாவது கொடுத்திருந்தால் அன்று வேலை முடிந்திருக்கும். உலகளாவிய இணைய அணுகல் வழிகாட்டுதல்கள் இந்த நேர நீட்டிப்பை 2008 முதலே கேட்டுவருகின்றன.

தமிழுக்கென்று தனியான தொல்லை ஒன்றும் உண்டு. ஆங்கிலத்தில் தட்டச்சிட்ட முகவரியைத் தளம் தானாகத் தமிழாக்கும்போது, பிள்ளையார் கோயில் தெரு ‘பில்லையார்’ ஆகிவிடும். அதைச் சரிபார்க்கச் சொல்லும் முன்தோற்றமோ வெளிர் சாம்பல் நிறத்தில், மெல்லிய எழுத்தில் இருக்கும். அதில் ல, ள வேறுபாடு எனக்குத் தெரியாது. மெய்யெழுத்தின் புள்ளி அடியோடு கரைந்துவிடும். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையில் குறைந்தது 4.5:1 என்ற ஒளிர்வு வேறுபாடு வேண்டும் என்கிறது அதே வழிகாட்டுதல். தமிழில் புள்ளிக்காகவே எழுத்தின் தடிமனையும் கூட்ட வேண்டும் என்பேன்.

நல்ல மாற்றங்களையும் சொல்ல வேண்டும். கைபேசிக்கு ஏற்றபடி தளங்களை மாற்றியமைக்கத் தொடங்கிய பிறகு என் சுமை உண்மையிலேயே குறைந்தது. பெரிதாக்கியதும் உலாவி திரையைக் குறுகியதாகக் கணக்கிட்டு, எல்லாவற்றையும் ஒரே நிரலில் அடுக்கிவிடுகிறது. வலமும் இடமும் இழுத்து இழுத்து ஒரே வரியைப் படித்த காலம் பல தளங்களில் முடிந்துவிட்டது.

முகச் சரிபார்ப்பு மட்டும் இன்னும் கைகூடவில்லை. மின்னணு அடையாளச் சரிபார்ப்பில் மாற்றுத்திறனாளிகள் படும் இடர்களைக் கேட்ட உச்ச நீதிமன்றம், 2025 ஏப்ரல் 30 அன்று, எண்ம அணுகலை வாழ்வுரிமையின் பகுதியாகவே அறிவித்தது. அந்தத் தீர்ப்பைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. முகத்தை வைக்கச் சொல்லும் வட்டம் திரையின் நடுவில், சரியாக என் பார்வை அற்றுப்போகும் இடத்தில் வருகிறது. “சற்று இடப்பக்கம், இப்போது சரி” என்று ஒரு குரல் சொன்னால் போதும், நானே வைத்துவிடுவேன். அதுவரை அந்த ஒரு படிக்கு மட்டும் கைபேசியை மகளிடம் நீட்டுகிறேன். அவள் பள்ளியிலிருந்து வரும் வரை விண்ணப்பம் பாதியில் நிற்கிறது.