ஏழு நாள் முகாமா, நாலு மாத மலைப்பள்ளியா? இரண்டிலும் வேலை பார்த்தவனின் கணக்கு

சேலம் அம்மாபேட்டையில் இருக்கும் என் தங்கை போன மாதம் இரண்டு நோட்டீஸ்களைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டாள். இரண்டிலும் மூடுபனி, இரண்டிலும் முதுகுப்பை மாட்டிச் சிரிக்கும் பிள்ளைகள். ஒன்று ஏற்காட்டில் ஏழு நாள் முகாம். இன்னொன்று அதே மலையில் நாலு மாதம் தங்கி, நடந்து, சமைத்து, பாடமும் படிக்கும் பள்ளி. அவள் மகள் ஒன்பதாவது படிக்கிறாள்.

"ரெண்டுலயும் வேலை பார்த்தவன் நீதானேண்ணா. எது பரவாயில்ல?"

தறியில் அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்த மாப்பிள்ளை தலையைத் தூக்காமலே கேட்டார்: "விறகு பொளக்கவும் பாத்திரம் கழுவவும் கத்துக்கறதுக்கு நாம காசு கட்டணுமா மச்சான்?"

அவரிடம் எனக்குச் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. தங்கையிடம் சொல்ல எனக்கு நிறைய இருந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஏழு நாள் முகாம் நமக்குப் புதிதில்லை. 1969-இல் தொடங்கிய என்.எஸ்.எஸ். என்னும் நாட்டு நலப்பணித் திட்டத்தின் சிறப்பு முகாமில் ஏதாவது ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் பாய் விரித்துப் படுத்து, கோயில் வாசலைச் சுத்தம் செய்து, ஏழாம் நாள் கலைநிகழ்ச்சி முடித்து ஊர் திரும்பியவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். தனியார் முகாமும் அதே அச்சுதான், கூடாரமும் கயிறும் கூடுதலாகச் சேர்ந்திருக்கும். நாலு மாதக் கணக்கு வெளியிலிருந்து வந்தது. அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்து மவுன்டன் ஸ்கூல் 1984 முதல் இதை நடத்துகிறது. பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் பள்ளியை ஒரு செமஸ்டர், ஏறக்குறைய நாலு மாதம், விட்டுவந்து, பண்ணை வேலையும் பாடமுமாக இருந்துவிட்டு, பழைய பள்ளிக்கே திரும்பிப் போவார்கள். ஆஸ்திரேலியாவில் டிம்பர்டாப் என்ற இடத்தில் 1953-இலிருந்து இது முழு வருடக் கதை, அதுவும் ஒன்பதாம் வகுப்புக்கு. அங்கே பிள்ளைகளே விறகு பிளந்து பாய்லரை எரித்தால்தான் குளிக்க வெந்நீர். முழு வருடத்தை நான் இங்கே ஒப்பிடப் போவதில்லை, நம் பக்கம் அதற்குத் துணியும் பெற்றோரை இன்னும் நான் பார்க்கவில்லை. ஆனால் அந்த வெந்நீர்ச் சமாச்சாரம் மனதில் இருக்கட்டும்.

முகாமில் ஒரு பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது? சேலத்திலிருந்து பஸ் ஏறினால் இருபது கொண்டை ஊசி வளைவு. பன்னிரண்டாவதுக்குள் யாராவது ஒருவர் வாந்தி எடுப்பார், அதிலேயே பாதிப் பேர் நண்பர்களாகிவிடுவார்கள். அப்புறம் ஒரு நாள் கிளியூர் அருவி, ஒரு நாள் பகோடா பாயிண்டில் விடியற்காலை, ஒரு நாள் கயிறு, ஒரு நாள் காப்பித் தோட்டம். ஆறாம் ராத்திரி தீ மூட்டிப் பாட்டு. ஏழாம் நாள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழுகை. இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. அம்மாவை விட்டு ஒரு ராத்திரி தனியாகப் படுத்திராத பையன் ஐந்தாம் நாள் தன் கூடாரத்தைத் தானே கட்டி நிற்பதைப் பார்த்திருக்கிறேன், அந்த முகம் பொய்யில்லை. சாப்பாடு சுடச்சுட வரும், நேரம் நிமிடக் கணக்கில் ஓடும், சலித்துக்கொள்ள இடமே இருக்காது.

நாலு மாதப் பள்ளியின் முதல் இரண்டு வாரமும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். மூன்றாவது வாரம்தான் வண்டி வேறு பாதையில் திரும்பும். மழை பிடித்துக்கொள்ளும், காலுறை காயாது, பாடிய பாட்டெல்லாம் தீர்ந்துபோகும், பக்கத்துப் படுக்கைக்காரன் குறட்டை விடுவது தெரியவரும். அப்போது சண்டை வரும். வந்தே தீரும்.

நான் வேலை பார்த்த இடத்தில் அது வெந்நீரில்தான் வந்தது. ஒரு குடிலுக்குப் பத்துப் பேர். தினம் இரண்டு பேர் முறை வைத்து ஐந்தரைக்கு எழுந்து பாய்லரைப் பற்ற வைக்க வேண்டும். ஒரு பையன் தன் முறை வரும்போதெல்லாம் தூங்குவது போலப் படுத்துக்கொண்டான். மூன்று முறை பொறுத்தார்கள். நாலாவது முறை மற்றவர்கள் இருந்த வெந்நீரையெல்லாம் ஊற்றிக் காலி செய்துவிட்டு அவனைப் பச்சைத் தண்ணீரில் குளிக்க விட்டார்கள். டிசம்பர் மாதம், விடிகாலையில் 13 டிகிரி அளவுக்கு இறங்கும் மலை. அன்று சாயங்காலம் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தோம். எனக்கு ஐந்தாவது நிமிடமே தீர்ப்புச் சொல்ல நாக்கு துறுதுறுத்தது. எனக்கு மூத்த ஆசிரியை ஒருவர் கண்ணாலேயே "சும்மா இரு" என்றார். இரண்டு மணி நேரம் கழித்து அந்தப் பையன் வாயைத் திறந்தான். அவனுக்கு விறகு பற்றவைக்கத் தெரியாது. வீட்டில் எல்லாம் ஹீட்டர். முதல் முறை அரை மணி ஊதியும் சில்வர் ஓக் கட்டை புகைந்ததே தவிரப் பிடிக்கவில்லை, அதை வெளியே சொல்ல வெட்கம். வாழப்பாடிப் பக்கத்துப் பெண் ஒருத்தி மறுநாள் ஐந்தரைக்கு அவனோடு எழுந்து, ஈர விறகைச் சிராய் சிராயாகச் சீவி அடியில் எப்படி அடுக்குவது என்று காட்டினாள்.

இதே சண்டை முகாமில் வந்தால் நான் என்ன செய்திருப்பேன் தெரியுமா? பாய்லரை நானே பற்ற வைத்திருப்பேன். ஏழு நாளில் ஒரு சாயங்காலத்தைச் சண்டைக்குக் கொடுத்தால் அருவி போய்விடும், அருவி போனால் பெற்றோர் கேட்பார்கள். அதனால் முகாமில் சண்டைகள் ஊருக்குத் திரும்பும் வரை மூடி வைக்கப்படும். இரண்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசமாக எனக்குப்படுவது இதுதான். மலையும் கூடாரமும் இரண்டிலும் ஒன்றே.

பாடத்திலும் அது தெரியும். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை நல்ல நீர்ப்பாட வாத்தியார். ஒரு பக்கம் விழுந்த மழை திருமணிமுத்தாறாகச் சேலத்துக்குள் நுழைந்து காவிரிக்குப் போகிறது, இன்னொரு பக்கம் விழுந்தது வாணியாறு வழியாகத் தென்பெண்ணைக்கு. முகாமில் இதை ஒரு மேட்டில் நின்று வரைபடத்தை விரித்துப் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவேன். பிள்ளைகள் தலையாட்டுவார்கள். நாலு மாதத்தில் திருமணிமுத்தாற்றோடு மலையிலிருந்து நகரம் வரை சில நாள் நடந்தோம். மேலே கையில் அள்ளிக் குடித்த தண்ணீர் கீழே வரவரக் கறுத்தது. ஊருக்குள் ஒரு பாலத்தின் மேல் வந்ததும் ஒரு பெண் நின்றுவிட்டாள். அவள் வீடு அங்கிருந்து நாலு தெரு. "இது ஆறா அண்ணா? சாக்கடைன்னே நினைச்சுட்டிருந்தேன்" என்றாள். அதற்கு மேல் நான் பாடம் எடுக்கவில்லை.

காப்பியும் அப்படித்தான். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் இங்கே வந்த பயிர் அது. முகாம் பிள்ளைகள் ஒரு காலையில் கூடை கட்டிக்கொண்டு கால் கிலோ பறித்துப் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். நவம்பரில் வந்து பிப்ரவரி வரை இருப்பவர்களோ சிவந்த பழத்தை மட்டும் பறித்துக் காயை விட்டுவிட வேண்டும், அதே செடிக்குத் திரும்பத் திரும்ப வர வேண்டும், களத்தில் காய்வதைக் கிளறிவிட வேண்டும், மேகம் கூடினால் ஓடிப்போய் மூட வேண்டும் என்பதைத் தங்கள் முதுகால் கற்றுக்கொள்வார்கள். பறிக்க வந்த அம்மாக்கள் "மெதுவா பறி சாமி, கொப்பு ஒடிஞ்சுரும்" என்று சொல்லிக்கொடுத்த அளவுக்கு எங்களில் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இதுவரை படித்தவர்கள் நான் நாலு மாதத்தின் கட்சி என்று முடிவு கட்டியிருப்பீர்கள். ஆனால் நான் இப்போது வேலை பார்ப்பது ஏழு நாள் முகாமில். அது ஏன் என்பதை எந்த நோட்டீஸிலும் போட மாட்டார்கள்.

முகாம் ஆள் நடிகனைப் போல. ஏழு நாள் முழுக்கச் சிரித்த முகம், அப்புறம் மூன்று நாள் வீட்டில் தூக்கம். ஒரே பேய்க்கதையை நாற்பது தடவையாவது சொல்லியிருப்பேன், ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் அலறுவார்கள். நாள் கணக்கில் சம்பளம். ஏப்ரல், மே, ஆயுத பூஜை விடுமுறை, அப்புறம் சனி ஞாயிறுகள் என்று வேலை இருக்கும். மீதி நாளில் சேலம் மாமாங்கத்தில் ஒரு குடோனில் கணக்கு எழுதுகிறேன். பெரிய வாழ்க்கை இல்லை, ஆனால் கதவைச் சாத்திக்கொள்ள எனக்கென்று ஒரு வீடு உண்டு.

மலைப்பள்ளியில் அந்தக் கதவு கிடையாது. மாதச் சம்பளம், சாப்பாடு, ஓர் அறை, அந்த அறையின் அடுத்த சுவர் பிள்ளைகளுடையது. ராத்திரி ஒன்பதுக்குக் கணக்கில் சந்தேகம், இரண்டு மணிக்கு வயிற்றுவலி, ஐந்தரைக்குப் பாய்லர். வாரம் ஒரு நாள் விடுப்பு. ஞாயிறு எடுத்தால் சுற்றுலா வண்டிகளில் மலைப்பாதையே அடைத்துக்கிடக்கும் என்பதால் செவ்வாய் எடுத்துக்கொள்வேன். கீழே இறங்கி முடிவெட்டி, பல் டாக்டரைப் பார்த்து, இரண்டு தட்டுவடை செட் சாப்பிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடித்தால் நாள் முடிந்தது. பிள்ளைகளிடமிருந்து எதையும் மறைக்க முடியாது. கல்யாணப் பேச்சில் அம்மா போனில் என்னைத் திட்டியது மறுநாள் இட்லிக்கு முன்னாலேயே சாப்பாட்டுக் கூடம் முழுக்கத் தெரிந்திருந்தது. பல் தேய்த்துக்கொண்டே கோபப்படும் அண்ணனை அவர்கள் பார்த்தார்கள், அழுததையும் ஒருமுறை பார்த்தார்கள். நல்லதுதான், வாத்தியாரும் மனிதன் என்பதை அதைவிட நன்றாகக் கற்பிக்க வழியில்லை. ஆனால் அந்தப் பாடத்துக்கான செலவு வாத்தியாருடைய கணக்கில் எழுதப்படுகிறது.

நான் இருந்த இடத்தின் பெயர் வேண்டாம். இரண்டாம் வருடம் அங்கே நாங்கள் ஆறு பேர். விடுப்பைக் குறைத்துக்கொண்டே போனார்கள், நாலு பேர் பாதியிலேயே இறங்கிவிட்டார்கள். வட்டமாக உட்கார்ந்து எதையும் பேசித் தீர்க்கலாம் என்று பிள்ளைகளுக்குச் சொன்ன இடத்தில், எங்களுக்கு அப்படி ஒரு வட்டம் போடப்படவே இல்லை. "அக்கா ஏன் சொல்லாமப் போயிட்டாங்க?" என்று ஒரு பையன் கேட்டதற்கு நான் சொன்ன பதில் இப்போதும் கூசுகிறது. அந்தத் தவணை முடிந்ததும் நானும் இறங்கினேன்.

ஆகவே நாலு மாதத்துக்கு அனுப்பும் பெற்றோர் சாப்பாடு எப்படி, கட்டில் எப்படி என்று கேட்பதற்கு முன் ஒன்று கேளுங்கள்: போன வருடம் இருந்தவர்களில் எத்தனை பேர் இந்த வருடமும் இருக்கிறார்கள்? பாதிக்கு மேல் புது முகம் என்றால் யோசியுங்கள். முகாமுக்கு இந்தக் கேள்வி தேவையில்லை, ஏழு நாளைக்கு யார் வந்தாலும் ஓட்டிவிடலாம். இரண்டுக்கும் பொதுவாகக் கேட்க வேண்டியது ராத்திரியில் ஒரு வண்டியும் ஓட்டுநரும் தயாராக இருப்பார்களா என்பது. பெரிய ஆஸ்பத்திரி என்றால் சேலத்துக்குத்தான் இறங்க வேண்டும், மூடுபனியில் அது ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். வழியில் காட்டெருமை நின்றால் அது நகரும் வரை நாமும் நிற்க வேண்டியதுதான்.

படிப்பு விஷயம் சீக்கிரம் முடியும். பத்தாவதில் பொதுத்தேர்வு, பதினொன்று வந்தால் நீட், ஜே.இ.இ. என்று வீடே கோச்சிங் சென்டராகிவிடும். அமெரிக்கப் பிள்ளைகள் விட்டுவரும் அதே பதினொன்றை நம் பிள்ளைகள் விட முடியாது, ஒன்பதுதான் இருக்கும் ஒரே சந்து. ஜூனில் போனால் காலாண்டு போகும், நவம்பரில் போனால் அரையாண்டு போகும். இதில் நான் நவம்பருக்குத்தான் ஓட்டுப் போடுவேன், காப்பிப் பழமும் காய்ந்த காலுறையும் அப்போதுதான் கிடைக்கும். திரும்பும்போது கணக்கில் ஒன்றிரண்டு பாடம் பின்தங்கியிருப்பார்கள், அதை மறைத்துச் சொல்லும் இடத்தை நம்பாதீர்கள். டி.சி. வாங்காமல் பெயரைப் பதிவேட்டில் வைத்திருக்கத் தாய்ப்பள்ளி சம்மதிக்குமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. பணத்தைப் பொறுத்தவரை, நான் பார்த்த இடங்களில் நாள் கணக்குப் போட்டால் நாலு மாதம்தான் மலிவு. ஆனால் மொத்தமாகக் கட்டும்போது அந்தக் கணக்கு யாருக்கும் ஆறுதலாக இருப்பதில்லை.

வீட்டை விட்டு ஒரு ராத்திரிகூட இருந்திராத பிள்ளையை நேராக நாலு மாதத்துக்கு அனுப்ப வேண்டாம், ஒரு முகாமுக்கு அனுப்பிப் பார்க்கலாம். ஏற்கெனவே பாட்டி வீடு, விடுதி என்று பழகிய பிள்ளைக்கு முகாம் ஒரு சுற்றுலாதான். காசு இருந்தால், ஆட்கள் நிலையாக இருந்தால், நாலு மாதம். இவ்வளவையும் தங்கையிடம் சொல்லி முடித்தேன்.

இத்தனைக்கும் வாசற்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த மருமகள் கேட்டது ஒரே கேள்வி.

"அங்க பாத்திரம் கழுவறதுக்கு முறை உண்டுன்னீங்களே மாமா, பசங்களுக்கும் உண்டா?"

"உண்டு. பேர் எழுதி ஒட்டியிருப்பாங்க. யாருக்கும் விதிவிலக்கு இல்ல."

அவள் உள்ளே திரும்பிப் பார்த்தாள். அவளுடைய அண்ணன் சாப்பிட்ட தட்டைத் தரையிலேயே வைத்துவிட்டுக் கட்டிலில் படுத்துப் போன் பார்த்துக்கொண்டிருந்தான். மாப்பிள்ளையும் பார்த்தார். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம் தறியை ஓட விட்டுவிட்டு, சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திக் கேட்டார்: "நவம்பர்ல எத்தனாந் தேதி மச்சான்?"