ஏற்காட்டில் ஒரு படுக்கைப் புண்

பொங்கலுக்கு சிங்கப்பூரிலிருந்து வந்தவன் இந்த முறை ஊர் சுற்றவே இல்லை. ஏற்காட்டுச் சித்தப்பா மிளகு பறிக்க சில்வர் ஓக் மரம் ஏறி விழுந்து இரண்டு வருஷமாகிறது. முதுகுத்தண்டில் அடி, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. இப்போது புட்டத்தில், உட்காரும் எலும்புக்கு மேலே புண். வலி தெரியாது என்பதால், வேட்டியில் கறை பட்ட பிறகுதான் சித்தி கவனித்திருக்கிறார்.

சேலத்தில் ஒரு கடையில் நடுவே ஓட்டையுள்ள காற்று வளையத்தைத் தலையில் கட்டினார்கள். பெருமையாகத் தூக்கிக்கொண்டு மலை ஏறினேன். மறுநாள், வீட்டுக்கே வந்து பார்க்கும் அரசுத் திட்டமான 'மக்களைத் தேடி மருத்துவ'த்திலிருந்து வந்த நர்ஸ், "இத முதல்ல எடுத்துடுங்க தம்பி" என்றார். வளையம் சுற்றிலும் அழுத்தினால் நடுவில் இருக்கும் புண்ணுக்கு ரத்த ஓட்டம் குறைந்துவிடுமாம்.

அப்புறம் சித்தப்பா படுத்திருந்த, மோட்டார் காற்றடிக்கும் ஏர் பெட்டுக்கு அடியில் உள்ளங்கை மேலே பார்க்கும்படி கையை விட்டார். "ஒரு அங்குலமாவது காத்து இருக்கணும். இங்க எலும்பு என் கையிலயே தட்டுது." என்னையும் கைவிட்டுப் பார்க்கச் சொன்னார். ஆமாம், தட்டியது. மோட்டார் ஓடும் சத்தத்தை நம்பி எத்தனை நாள் விட்டார்களோ! ஏர் பெட் இருந்தாலும் இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்று சித்தியின் போனில் அலாரம் வைத்துக் கொடுத்தார். புண்ணைச் சலைன் உப்புநீரில் கழுவினால் போதும், ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினால் புதிதாக வளரும் சதையும் சேர்ந்து கெடும். முட்டை, பருப்பு கூடுதலாக.

செத்த சதையை வெட்டியெடுக்க சேலத்துக்கு இறக்க வேண்டியிருந்தது. இருபது கொண்டை ஊசி வளைவு. உட்காரவைத்தால் ஒவ்வொரு வளைவிலும் எலும்பு ஒரு பக்கம் நகரும், தோல் சீட்டோடு ஒட்டி நிற்கும், உள்ளே ரத்தக் குழாய் கிழியும். அதனால் வேனில் மெத்தை போட்டு, ஒருக்களித்துப் படுக்கவைத்துக் கூட்டிப்போனோம். இவ்வளவு பார்த்துப் பார்த்துக் கொண்டுபோனவரை, அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் வெறும் இரும்பு ஸ்ட்ரெச்சரில் இரண்டு மணி நேரம் மல்லாக்கக் கிடத்திவிட்டார்கள். எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! கடைசியில் சித்திதான் வேனுக்கு ஓடி மெத்தையைத் தூக்கி வந்தார்.

நல்லவேளை, புண் எலும்பைத் தொடவில்லை. ஆறும்வரை அதன்மேல் உட்காரக் கூடாது என்றார் டாக்டர். இப்போது ஞாயிறுதோறும் புண்ணுக்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடுத்த போட்டோ வாட்ஸ்அப்பில் வருகிறது. கூடவே சித்தப்பாவின் குரல்: "எப்படா திண்ணைல உக்காரலாம்?"