பணம் எப்போது கைக்கு வரும்? சேலம் மாணவர்களுக்கான உதவித்தொகைகள்: ஓர் அலசல்

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் இன்ஜினியரிங்கா, பி.எஸ்சி.யா என்ற பேச்சு தொடங்கிவிடும். வசதி குறைந்த வீட்டில், எதற்கு உதவித்தொகை அதிகம் என்ற கேள்வியும் கூடவே வரும். தொகையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள் என்பேன். சேரும்போதே கட்ட வேண்டிய பணத்துக்கு, வருடக் கடைசியில் வரும் உதவித்தொகை கைகொடுக்காது. நடுவில் வட்டிக்குத்தான் வாங்க வேண்டும்.

அதனால் என் கணக்கில் முதலிடம் 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டுக்கு. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு, பொறியியல், வேளாண்மை போன்ற படிப்புகளில் 2021 முதல் இது இருக்கிறது. கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாமே அரசின் பொறுப்பு. சேர்வராயன் மலைக் கிராமத்துப் பிள்ளைக்கு விடுதிதான் பெரிய விஷயம். கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரி சேலத்திலேயே இருந்தாலும், 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தினமும் இறங்கி ஏறி ஆய்வகத்துக்கும் நேரத்துக்கு வருவது நடக்கிற காரியமா?

தனியார் பள்ளியில் படித்தவர்களுக்கும் முதல் பட்டதாரி சலுகை இருக்கிறது. குடும்பத்தில் யாரும் பட்டம் பெற்றிருக்கக் கூடாது. கல்விக் கட்டணம் குறையும். விடுதிச் செலவு உங்களுடையது. ஒன்று முக்கியம்: 7.5 சதவீத ஒதுக்கீட்டின் கட்டணச் சலுகை, முதல் பட்டதாரி சலுகை இரண்டுமே கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால்தான். மேனேஜ்மென்ட் கோட்டாவில் அவசரப்பட்டு அட்வான்ஸ் கட்டிவிட்டால் இரண்டும் போச்சு. ஒவ்வொரு வருடமும் யாராவது இப்படி இழப்பதைப் பார்க்க மனது கஷ்டப்படுகிறது.

பொறியியல் போன்ற தொழில்நுட்பப் படிப்பில் சேரும் பெண் பிள்ளைகளுக்கு ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) தரும் பிரகதி உதவித்தொகை ஆண்டுக்கு 50,000 ரூபாய். டிப்ளமோவுக்கும் உண்டு. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஆனால் மதிப்பெண் அடிப்படையில் தேர்வு என்பதால் இதை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

பி.எஸ்சி. பக்கம் பெரிய தொகை மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை: ஆண்டுக்கு 80,000 ரூபாய். அதில் 60,000 மாணவருக்கு, 20,000 கோடைக்கால ஆய்வுப் பயிற்சிக்கு. இயற்பியல், வேதியியல், கணிதம் போன்ற அடிப்படை அறிவியலுக்கு மட்டும்தான், பொறியியலுக்குக் கிடையாது. பிளஸ் டூவில் முதல் 1 சதவீதத்துக்குள் வர வேண்டும். சேலம் அரசு கலைக் கல்லூரியில் கட்டணம் மிகக் குறைவு என்பதால், இன்ஸ்பயர் கிடைத்தால் வீட்டுக்குப் பாரமே இல்லாமல் படிக்கலாம். கணிதத்தில் உண்மையான ஆசை உள்ள பிள்ளையை, வேலை கிடைக்காது என்று பயந்து இன்ஜினியரிங்குக்குத் தள்ள வேண்டாம்.

அப்புறம் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் (2022), தமிழ்ப் புதல்வன் (2024) திட்டங்கள். தொகை சிறிது, ஆனால் மாதாமாதம் பிள்ளையின் கணக்கிலேயே விழும். வேறு உதவித்தொகை வாங்குபவர்களும் இதைப் பெறலாம். எல்லாத் திட்டமும் இப்படி இல்லை. ஆண்டுக்கு 12,000 ரூபாய் தரும் மத்திய அரசின் கல்லூரி உதவித்தொகைக்கு, மாநில அரசின் உதவித்தொகையோ கட்டணச் சலுகையோ வாங்கினால் தகுதி இல்லை. எதை விடுவது என்று விண்ணப்பிக்கும் முன்பே கல்லூரி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

வருமானச் சான்றிதழையும் முதல் பட்டதாரி சான்றிதழையும் ரிசல்ட் வரும் முன்பே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கி வையுங்கள். வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள்.