பிஒய்டி சீகல்: 69,800 யுவான் விலைக்குள் என்னென்ன இருக்கிறது?

நகரத்துக்குள் ஓட்டச் சின்னதாக ஒரு மின்சாரக் கார் வேண்டும், நெடுஞ்சாலைப் பயணம் எப்போதாவதுதான் என்பவர்களுக்கு சீன நிறுவனமான பிஒய்டியின் சீகலைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். 2023 ஏப்ரலில் ஷாங்காய் வாகனக் கண்காட்சியையொட்டி விற்பனைக்கு வந்தபோது இதன் ஆரம்ப விலை 73,800 யுவான். 2024 மார்ச்சில் 69,800 ஆனது. 2025 மே மாதத்தில் தற்காலிகச் சலுகையாக 55,800 வரை இறங்கியது. இதையே கொஞ்சம் நீட்டி, பலப்படுத்தி, டால்ஃபின் சர்ஃப் என்ற பெயரில் ஐரோப்பாவில் விற்கிறார்கள். 2025இல் அறிமுகமானபோது ஜெர்மனியில் அதன் ஆரம்ப விலை 22,990 யூரோ. சீனச் சலுகை விலையை யூரோவில் சொன்னால் ஏறக்குறைய ஏழாயிரம்தான்.

இந்த இடைவெளியைக் காட்டித்தான் மேற்கில் ஒரு தரப்பு "அரசு மானியத்தில் ஓடும் கார்" என்கிறது, இன்னொரு தரப்பு "நம்மால் செய்ய முடியாததைச் செய்துவிட்டார்கள்" என்கிறது. காரை நன்றாகப் பார்த்தால் இரண்டுமே பாதி உண்மைதான். எந்தப் பாதி எங்கே இருக்கிறது என்று பிரித்துப் பார்க்காமல் இந்தக் காரை மதிப்பிடவும் முடியாது, மேற்கு நாடுகள் அதன் மேல் போட்ட இறக்குமதி வரியை மதிப்பிடவும் முடியாது.

முதலில் கார். சீனப் பதிப்பின் நீளம் 3,780 மி.மீ., சக்கர இடைத்தூரம் 2,500 மி.மீ. நான்கு பேர்தான் உட்காரலாம். பின்னால் மூன்றாவது ஆளுக்கு இடமும் இல்லை, பெல்ட்டும் இல்லை. முன்சக்கரங்களை இயக்கும் மோட்டார் 55 கிலோவாட், 135 நியூட்டன் மீட்டர். நின்ற நிலையிலிருந்து 50 கி.மீ. வேகத்துக்கு 4.9 விநாடி என்பதால் சிக்னலில் பின்தங்காது. ஆனால் உச்ச வேகம் 130தான். நான்கு பேரோடு மேட்டுச் சாலையில் 90க்கு மேல் ஒரு லாரியை முந்த நினைத்தால் முன்கூட்டியே கணக்குப் போட வேண்டும்.

பேட்டரி இரண்டு அளவில் வருகிறது: 30.08 கிலோவாட் மணி, 38.88 கிலோவாட் மணி. சி.எல்.டி.சி. என்ற சீனச் சோதனைப்படி முறையே 305, 405 கி.மீ. போகும் என்று அறிவித்திருக்கிறார்கள். இந்த எண்களை நம்பிப் பயணம் திட்டமிடக் கூடாது. சீனச் சோதனை முறை மெதுவான நகர ஓட்டத்துக்கு அதிக இடம் கொடுக்கிறது. ஐரோப்பாவில் ஏறக்குறைய அதே 30 கிலோவாட் மணி பேட்டரிக்கு டபிள்யூ.எல்.டி.பி. என்ற அங்குள்ள சோதனை முறையில் கிடைத்தது 220 கி.மீ. உடல் எடை கூடியதும் மோட்டார் பெரிதானதும் ஒரு காரணம் என்றாலும் பெரும் பங்கு சோதனை முறையினுடையது. சீனப் பதிப்பு வாங்குபவர்கள் அறிவித்த தூரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்வது நல்லது. கடுங்குளிரில் இன்னும் கழிக்க வேண்டும்.

செலவை மிச்சம் பிடித்த இடங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன. முன் கண்ணாடிக்கு ஒரே ஒரு வைப்பர். ஒரு கை, ஒரு இணைப்பு மிச்சம். பதிலுக்குக் கனமழையில் கண்ணாடியின் ஒரு மேல்மூலை துடைபடாமலே நிற்கும். அடிப்படை வகையின் டயர் 165 மி.மீ. அகலம்தான். மின்சாரம் குறைவாகச் செலவாகும், ஈரச் சாலையில் பிடிமானமும் குறைவு. தேய்ந்து மாற்றும்போது நல்ல பிராண்டாகப் போட்டால் இந்தக் குறை பெருமளவு தீரும். சஸ்பென்ஷன் பள்ளங்களில் மென்மையாக இருக்கிறது, வேகம் கூடினால் துள்ளுகிறது, பக்கக்காற்றில் வண்டியைப் பிடித்தபடி ஓட்ட வேண்டியிருக்கிறது.

கை வைக்காத இடங்கள்தான் முக்கியம். மிச்சிகனில் கார்களைப் பாகம் பாகமாகப் பிரித்து ஆராயும் கேர்சாஃப்ட் குளோபல் நிறுவனம் சீகலையும் பிரித்துப் பார்த்தது. வெல்டிங், பாகங்கள் பொருந்தும் நேர்த்தி, உள்ளலங்காரம் எதிலும் அவசரக் கோலம் தெரியவில்லை. எளிமையாக வடிவமைத்து, வேண்டாததை நீக்கி, மீதியை ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள் என்பதே அங்கிருந்த பொறியாளர்களின் கருத்து. மட்டமான பொருளை மலிவாகத் தள்ளிவிடுகிறார்கள் என்ற பழைய சித்திரத்துக்கு இந்தக் காரில் ஆதாரம் இல்லை.

பேட்டரியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். இது லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை, சுருக்கமாக எல்.எஃப்.பி. நிக்கலும் கோபால்ட்டும் இல்லை. இந்த வேதியியல் சீனக் கண்டுபிடிப்பு அல்ல. 1990களில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃப் குழு கண்டறிந்தது. எடைக்கு எடை ஆற்றல் குறைவு என்று மேற்கத்திய, கொரிய நிறுவனங்கள் நிக்கல் வகையின் பக்கம் போயின. சீன நிறுவனங்கள் இதையே பிடித்துக்கொண்டு உற்பத்தி முறையை மெருகேற்றின. 2020 மார்ச்சில் பிஒய்டி அறிமுகப்படுத்திய பிளேடு பேட்டரியில் மீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளமுள்ள தட்டைச் செல்களை நடுவில் மாட்யூல் பெட்டிகள் (சில செல்களைச் சேர்த்து வைக்கும் சிறு பெட்டிகள்) இல்லாமல் நேராகவே பேட்டரித் தொகுப்பில் அடுக்குகிறார்கள். பெட்டிகளுக்கான உலோகம், வயர், இடம் மூன்றும் மிச்சம். ஆணி ஊடுருவல் சோதனையில் புகையும் தீயும் வரவில்லை என்பது இதன் பெரிய பலம்.

பராமரிப்பில் கவனிக்க வேண்டியவை உண்டு. எல்.எஃப்.பி. செல்லின் மின்னழுத்தம் சார்ஜின் நடுப்பகுதி முழுக்க 3.2, 3.3 வோல்ட் அருகிலேயே நிற்கும். அதனால் மிச்சமுள்ள சார்ஜ் எவ்வளவு என்பதை மின்னழுத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாமல், உள்ளே போன, வெளியே வந்த மின்னோட்டத்தை எண்ணித்தான் கணினி கணக்கிடுகிறது. எண்ணிக்கையில் சிறு பிழை சேர்ந்துகொண்டே போகும். வாரம் ஒருமுறையாவது மெதுவான சார்ஜரில் 100 விழுக்காடு ஏற்றினால் கணக்கு நேராகும். இதைச் செய்யாதவர்களுக்குத்தான் திரையில் 15 விழுக்காடு காட்டிக்கொண்டிருந்த வண்டி திடீரென்று சக்தியைக் குறைத்துக்கொள்ளும் தொல்லை வருகிறது. உறைநிலைக்குக் கீழே வேகமாக ஏற்றினால் எதிர்மின்முனையில் லித்தியம் உலோகமாகப் படியும் ஆபத்து இருப்பதால் கணினியே சார்ஜைக் குறைத்துவிடும். குளிர்நாட்டில் வண்டி ஓடிச் சூடாக இருக்கும்போதே சார்ஜருக்குப் போவது நல்லது. அடிப்பகுதியில் பலமாக அடிபட்டால் ஒரு செல்லை மட்டும் மாற்றுவது நடைமுறையில் இல்லை, முழுத் தொகுப்பையும் மாற்ற நேரலாம். காப்பீடு எடுக்கும்போது பேட்டரியின் அடிச்சேதம் அதில் அடங்குகிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இனி விலை. முதல் பகுதி, உண்மையான திறமை. 1995இல் ஷென்ஜெனில் பேட்டரி நிறுவனமாகத் தொடங்கிய பிஒய்டி 2003இல்தான் கார் தொழிலுக்குள் வந்தது. பேட்டரி, மோட்டார், சக்தி மின்னணுச் சில்லு என்று பெரும்பாலானவற்றைத் தானே செய்கிறது. இந்நிறுவனத்தின் இன்னொரு காரான சீலைப் பிரித்து ஆராய்ந்த யுபிஎஸ் வங்கியின் 2023 அறிக்கை, பழைய மேற்கத்திய நிறுவனங்களைவிடச் செலவு சுமார் 25 விழுக்காடு குறைவு என்று கணித்தது. கூடவே 2022 நவம்பரில் டன்னுக்கு ஆறு லட்சம் யுவான் அருகே போன, பேட்டரியின் மூலப்பொருளான லித்தியம் கார்பனேட் 2024 தொடக்கத்தில் ஒரு லட்சத்துக்கும் கீழே விழுந்தது. சீகலின் விலைக் குறைப்பில் ஒரு பகுதி இந்தச் சரிவிலிருந்து வந்தது.

இரண்டாம் பகுதி, அரசு. மின்சார வாகனங்களுக்கான மத்திய அரசின் ஊக்கத்திட்டம் 2009இல் தொடங்கி, வாங்குவோருக்கான நேரடி மானியம் 2022 முடிவில் நின்றது. 2009 முதல் 2023 வரை இந்தத் துறைக்குக் கிடைத்த ஆதரவு சுமார் 230 பில்லியன் டாலர் என்பது வாஷிங்டனின் சிஎஸ்ஐஎஸ் ஆய்வு மையத்தின் மதிப்பீடு. வரிவிலக்கும் இதில் சேரும். இதை மறுத்துப் பேசும் சீன ஆதரவாளர்கள் தங்கள் வாதத்தைத் தாங்களே பலவீனமாக்கிக்கொள்கிறார்கள். ஆனால் பணம் கொடுத்தால் மட்டும் கார் வந்துவிடாது. போலி விற்பனைக் கணக்கு காட்டி மானியம் வாங்கிய நிறுவனங்களைச் சீன நிதி அமைச்சகமே 2016இல் அம்பலப்படுத்தியது. ஒரே மானியத்தை வாங்கிய எத்தனையோ நிறுவனங்கள் காணாமல் போயின. மிஞ்சியவை கடும் போட்டியில் வடிகட்டப்பட்டவை.

மூன்றாம் பகுதிதான் கவலைக்குரியது, மேற்கத்திய விவாதத்தில் இது குறைவாகவே பேசப்படுகிறது. உதிரிபாகம் தருபவர்களுக்கு மாதக்கணக்கில் பணம் தராமல் கடன் சீட்டுகளாகக் கொடுத்து வைக்கும் வழக்கம். இத்தகைய பாக்கிகளையும் சேர்த்தால் 2024 ஜூன் நிலவரப்படி பிஒய்டியின் நிகரக் கடன் 323 பில்லியன் யுவான் அருகே வரும் என்று ஹாங்காங்கைச் சேர்ந்த கணக்கு ஆய்வு நிறுவனமான ஜிஎம்டி ரிசர்ச் கணித்தது. கணக்கேட்டில் காட்டியது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 2025 ஜூனில் பெரிய சீன கார் நிறுவனங்கள் 60 நாளுக்குள் பணம் தருவதாக வாக்களிக்க வேண்டி வந்ததே சிக்கல் எவ்வளவு பெரியது என்பதைச் சொல்கிறது. 55,800 என்ற சலுகை விலை சீன கார் நிறுவனங்களுக்குள் நடக்கும் விலைப்போரின் விளைவு. அதில் சப்ளையர் பட்டறைத் தொழிலாளியின் கூலியும் கரைந்திருக்கிறது. அந்த விலையைச் சீனத் திறமையின் அளவுகோலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 69,800 ஓரளவு நேர்மையான எண்.

மேற்கின் பார்வை இந்தப் பதின்மூன்று ஆண்டுகளில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போனது. 2011இல் ஒரு பேட்டியில் பிஒய்டியைப் பற்றிக் கேட்டபோது டெஸ்லாவின் ஈலான் மஸ்க் வாய்விட்டுச் சிரித்தார். 2024 ஜனவரியில் அவரே, வர்த்தகத் தடைகள் இல்லாவிட்டால் சீன நிறுவனங்கள் மற்ற பெரும்பாலானவற்றை நொறுக்கிவிடும் என்றார். அன்றைய ஏளனம், இன்றைய அச்சம் இரண்டுமே பொருளைப் பார்த்து வந்தவை அல்ல. 2008இலேயே வாரன் பஃபெட்டின் பெர்க்ஷயர் ஹாத்வே இந்நிறுவனத்தில் சுமார் பத்து விழுக்காட்டுப் பங்கை வாங்கியிருந்தது. கவனித்தவர்களுக்குத் தெரிந்தேதான் இருந்தது.

வரிகளில் ஐரோப்பாவின் அணுகுமுறையே மேல். 2023இல் விசாரணை தொடங்கி, நிறுவனவாரியாக மானியத்தைக் கணக்கிட்டு, 2024 அக்டோபர் இறுதியில் வழக்கமான 10 விழுக்காட்டின் மேல் கூடுதல் வரி விதித்தார்கள்: பிஒய்டிக்கு 17, ஜீலிக்கு 18.8, விசாரணைக்கு ஒத்துழைக்காத எஸ்ஏஐசிக்கு 35.3. ஷாங்காயில் தயாராகும் டெஸ்லாவுக்கு 7.8. சீனாவில் செய்யப்படும் மின்சார மினிக்கு, அது பிஎம்டபிள்யூவின் கார் என்றாலும், 20.7. அதாவது மானியம் கொடியைப் பார்த்துப் போகவில்லை, தொழிற்சாலையைப் பார்த்துப் போயிருக்கிறது. அமெரிக்காவின் 100 விழுக்காடு வரி எந்தக் கணக்கின் முடிவும் அல்ல, அது பூட்டிய கதவு. அதற்குப் பின்னால் இருக்கும் நிறுவனங்களுக்கு மலிவான சிறிய கார் செய்யக் காரணமே இல்லாமல் போகிறது.

ஐரோப்பிய விலைக்கு வரிதான் முழுக் காரணம் என்பவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். துறைமுகத்தில் வண்டியின் மதிப்பு 10,000 யூரோ என்று வைத்துக்கொள்வோம். 27 விழுக்காடு சேர்ந்தால் 12,700. அதன் மேல் ஜெர்மனியின் 19 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரியும் சேர்ந்தால் 15,100 சொச்சம். 22,990க்கு இன்னும் ஏறக்குறைய 7,900 இடைவெளி. இந்த இடைவெளியின் மேலும் விழும் மதிப்புக் கூட்டு வரி, டீலர் பங்கு, விளம்பரம் எல்லாம் போக, மீதியை நிறுவனம் லாபமாக வைத்துக்கொள்கிறது. ஐரோப்பியப் போட்டியாளர்களின் விலையைப் பார்த்துத்தான் இந்த விலையை வைத்திருக்கிறார்கள். 40 முதல் 50 விழுக்காடு வரி இருந்தால்தான் ஐரோப்பாவுக்கான ஏற்றுமதி கவர்ச்சியற்றதாகும் என்று அமெரிக்க ஆய்வு நிறுவனமான ரோடியம் குழு 2024இல் சொன்னதன் அடிப்படை இதுதான்.

வாங்குபவர்களுக்கு. ஐரோப்பாவில் 30 கிலோவாட் மணி வகையை விடுங்கள். 43.2 வகை 322 கி.மீ. டபிள்யூ.எல்.டி.பி. தருகிறது, வேகச் சார்ஜும் 65க்குப் பதில் 85 கிலோவாட் வரை ஏறுகிறது. விலை வித்தியாசத்துக்கு அது தகும். சீனாவிலும் 38.88 வகையே சரி. அடிப்படை வகையில் 30 கிலோவாட்டும் இதில் 40 கிலோவாட்டும் ஏறும் என்பதால், 30லிருந்து 80 விழுக்காட்டுக்கு இரண்டுக்கும் அரைமணி நேரமே ஆனாலும் இதில் கூடுதல் தூரம் கிடைக்கிறது. 2025இல் சேர்த்த ஓட்டுநர் உதவி வசதியை நெடுஞ்சாலையில் களைப்பைக் குறைக்கும் துணை என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள், ஸ்டீயரிங்கை விட்டுக் கையை எடுக்க அல்ல.

இடைத்தரகர்கள் சீனாவிலிருந்து நேரடியாகக் கொண்டுவரும் சீகல் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். சார்ஜ் துளை சீனாவின் ஜிபி/டி வகை, ஐரோப்பிய சிசிஎஸ்2 சார்ஜரில் பொருந்தாது. திரையின் மென்பொருள், வரைபடம், செயலி எல்லாம் சீனச் சந்தைக்கானவை. உள்ளூர் டீலர் உத்தரவாதம் தர மாட்டார். அதோடு இவற்றில் பல, விற்பனை இலக்கை எட்டியதாகக் காட்டுவதற்காகச் சீனாவிலேயே பதிவு செய்துவிட்டு "ஓடாத பழைய கார்" என்று வெளியே தள்ளப்பட்டவை. எட்டு ஆண்டு பேட்டரி உத்தரவாதத்தின் கடிகாரம் முதல் பதிவு நாளிலேயே ஓடத் தொடங்கிவிடும். பணம் கொடுக்கும் முன் அந்தப் பதிவுத் தேதியை மூல ஆவணத்தில் பாருங்கள்.