சுவரில் மாட்ட எந்த எம்74: ஸ்பிட்ஸரா, ஜேம்ஸ் வெப்பா?

மீன ராசிப் பக்கம் இருக்கும் எம்74 சுருள் விண்மீன் மண்டலத்தை அகச்சிவப்பில் அச்சிட்டு மாட்ட ஆசை. பொது ஆவணக்கிடங்குகளிலிருந்து ஸ்பிட்ஸர், ஜேம்ஸ் வெப் என்ற இரண்டு விண்வெளித் தொலைநோக்கிகளின் தரவையும் இறக்கி, நானே படமாக்கினேன். சுவர் ஏறியது ஸ்பிட்ஸரின் படம்.

கண்ணாடி அளவில் போட்டியே இல்லை: ஸ்பிட்ஸருக்கு 0.85 மீட்டர், வெப்புக்கு 6.5 மீட்டர். எம்74 சுமார் 3.2 கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. அங்கே 8 மைக்ரான் அலைநீளத்தின் வாக்கில் ஸ்பிட்ஸர் பிரித்துக்காட்டும் மிகச் சிறிய அளவு ஏறக்குறைய 300 ஒளியாண்டு; வெப் 40 வரை இறங்குகிறது. ஒரு சுருள் கரத்தில் 3,000 ஒளியாண்டுக்கும் மேல் அகலமான தூசிக் குமிழி ஒன்று இருக்கிறது. அதன் விளிம்பை வெப்பில்தான் ரசிக்க வேண்டும்.

என்னை மாற்றியது பார்வைப்புலம். எம்74 வானில் சுமார் 10 கலை (ஒரு கலை என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) அகலம். தூசியைப் படம்பிடிக்கும் வெப்பின் மிரி கருவி ஒரு தடவைக்குக் காண்பது 1.2க்கு 1.9 கலை. துண்டு துண்டாக ஒட்டினாலும் கரங்களின் நுனி வெளியே நின்றுவிடுகிறது. அதைவிடத் தொல்லை, படத்தின் எல்லைக்குள் வெற்று வானமே இல்லை. எது வானத்தின் ஒளி, எது மண்டலத்தின் ஒளி என்று எதை வைத்துப் பிரிப்பது? அருகருகே உள்ள துண்டுகளின் வெளிச்சத்தைச் சமன்செய்யவே இரண்டு இரவுகள் போயின. ஒட்டுப்போட்ட வேட்டி மாதிரி இருந்தது. ஆய்வுக்குழுக்களே வெப் படங்களின் அடிமட்டத்தை, அதாவது வெற்று வானத்தின் ஒளியளவை, ஸ்பிட்ஸர் போன்ற பழைய அகன்ற படங்களோடு ஒப்பிட்டுத்தான் நிர்ணயித்தன.

ஸ்பிட்ஸரின் ஒட்டுப்படத்தில் மண்டலம் முழுவதும் வருகிறது. சுற்றிலும் இருட்டும் கிடைக்கிறது. விண்மீன் ஒளியே மிகுந்த 3.6 மைக்ரான் படத்தின் வெளிச்சத்தைக் கால் பங்காக்கி, தூசியும் தெரியும் 8 மைக்ரானிலிருந்து கழித்தேன். நடுவே இருந்த விண்மீன் ஒளி மங்கி, தூசிக் கரங்கள் மட்டும் தணல் கோடுகளாக எழுந்தன. சுருளைச் சுருளாகப் பார்த்தது அப்போதுதான்.

குறையும் உண்டு. 2009 மே மாதம் ஸ்பிட்ஸரைக் குளிர்வித்த திரவ ஹீலியம் தீர்ந்தபின் 8 மைக்ரான் காட்சி நின்றது. 2020 ஜனவரியில் ஸ்பிட்ஸரே அணைக்கப்பட்டது. மிரியை இயந்திரக் குளிரூட்டி காப்பதால் அந்தக் கவலை இல்லை. வெப்பின் அண்மை அகச்சிவப்பு (மிரி காண்பதைவிடக் குறுகிய அலைநீளம்) படங்களில் நான் ஒரே ஒரு துண்டைத்தான் தொட்டிருக்கிறேன். அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அந்தக் குமிழி மட்டும் கணினியின் முகப்பில் இருக்கிறது, வெப் எடுத்ததுதான்.