குருங் கிராமத்தில் ஒரு குடும்பத்தோடு: நேபாள ஹோம்ஸ்டே பற்றிய மதிப்புரை

நேபாளத்தில் கிராமத்துக் குடும்பங்களோடு தங்கும் ஏற்பாடு, சியாங்ஜா மாவட்டத்தில் குருங் இன மக்கள் வாழும் சிருபாரி என்ற ஊரில் 1997-ஆம் ஆண்டு தொடங்கியது. அது பிற மலைக் கிராமங்களுக்கும் பரவியபின், 2010-இல் அரசு அதற்கெனத் தனி விதிமுறைகளை வகுத்தது. லம்ஜுங் மாவட்டத்தில் அத்தகைய ஒரு கிராமத்தில் நெடுநாள் தங்கியவன் என்ற முறையில் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். ஏனெனில் நான் படித்த மதிப்புரைகளில் பெரும்பாலானவை ஓரிரவு மட்டும் தங்கியவர்கள் எழுதியவை.

அவர்களுக்கு ஊர் எல்லையில் மாலையும் திலகமும், இரவில் அன்னையர் குழுவின் ஆடல் பாடலும், மறுநாள் அன்பான வழியனுப்புதலும் குறைவின்றிக் கிடைக்கின்றன. ஆனால், வந்தவரை விருந்தாளியாக நடத்துவதை அந்த வீடு எப்போது நிறுத்துகிறதோ, அப்போதுதான் இந்தச் சேவையின் முழு மதிப்பும் தெரியவருகிறது என்பது என் உறுதியான கருத்து.

தொடக்கத்தில் நான் உண்ட தட்டைக்கூடக் கழுவ விடமாட்டார்கள். வீட்டின் நடுநாயகம் தரையோடு தரையாக அமைந்த விறகடுப்பு; குடும்பம் முழுவதும் அதைச் சுற்றி அமர்ந்துதான் உண்கிறது. அது அவர்களுக்குப் புனிதமானது என்பதால், அதில் குப்பையைப் போடுவதோ எச்சில் துப்புவதோ கூடாது. 'ஆமா' என்று நான் அழைத்த அந்த வீட்டம்மா, கொதிக்கும் நீரில் கேழ்வரகு மாவைச் சிறிது சிறிதாகத் தூவி, கட்டி தட்டாமல் மரத்துடுப்பால் கிளறி 'திண்டோ' செய்வதைப் பல மாலைகள் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மாவு இறுகித் துடுப்பை அசைக்கவே தோள்வலு தேவைப்படும் கட்டத்தில், ஒருநாள் ஒன்றும் சொல்லாமல் அதை என் கையில் கொடுத்துவிட்டு அவர் கீரை ஆயத் தொடங்கினார். அதன்பின் விறகு எடுத்துவருவது, எருமைக்குப் புல் சுமப்பது என்று எனக்கும் வேலைகள் வந்தன. அண்டை வீட்டாரும் நின்று பேசலானார்கள்.

உணவு எளியது, நிறைவானது. விடியலில் தேநீர், முற்பகலில் பருப்பும் சோறும் காய்கறியும், இரவில் மீண்டும் அதுவே அல்லது திண்டோ. புளிக்கவைத்து உலர்த்திய கீரையான குந்த்ருக்கில் செய்யும் சாற்றுக்காகவே இன்னொரு முறை போகலாம். விருந்தினருக்கென்று கோழி அடிப்பது மரியாதையாகக் கருதப்படுவதால், சைவ உணவினர் அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

குறை என்று சொன்னால், அது இடைத்தரகரைப் பற்றியதே. ஒரே வீட்டில் தங்கலாம் என்று பயண முகவர் உறுதியளித்திருந்தார். ஆனால் வருமானம் எல்லா வீடுகளுக்கும் சென்று சேர வேண்டும் என்பதற்காக ஊர்க் குழு விருந்தினரை முறைவைத்தே வீடுகளுக்கு அனுப்புகிறது. அந்த முறை நியாயமானது, அதை நான் மதிக்கிறேன். என் நோக்கத்தை விளக்கியதும் குழுவினர் மனமுவந்து விலக்கு அளித்தார்கள் என்றாலும், நீண்ட நாள் தங்குவோருக்கு ஒரே வீடு என்பதை அவர்கள் விதியாகவே வைத்துக்கொண்டால், வருபவருக்கும் குடும்பத்துக்கும் அது பெரிய உதவியாக இருக்கும்.

மொழியைப் பொறுத்தவரை, இந்திய ராணுவத்தில் பணியாற்றித் திரும்பிய முதியவர்கள் பலர் இருப்பதால் இந்தி கைகொடுக்கும். நேபாளியும் ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அடுப்பைச் சுற்றி நடக்கும் பேச்சு பெரும்பாலும் குருங் மொழியில்தான் இருக்கும். அதற்குப் பொறுமை தேவை.

மலைகளைத் தெளிவாகக் காண விரும்புவோர் அக்டோபர், நவம்பர் மாதங்களில் செல்லலாம். கிராம வாழ்க்கையில் கலந்துகொள்ள விரும்புவோருக்கு நான் பரிந்துரைப்பது, நாற்று நடும் ஆஷாட மாதம், அதாவது ஜூன் நடுப்பகுதிக்குப் பிந்தைய வாரங்கள். அப்போது அட்டைக்கடி உண்டு, பனிமலைகள் மேகத்துக்குள் மறைந்திருக்கும், சாலைகள் மண்சரிவால் அடைபடவும் கூடும். ஆயினும் வயலில் ஆள் தேவைப்படும் காலம் அது; இறங்கி நாற்றுப் பிடிக்க வருபவரை யாரும் கரையில் உட்காரச் சொல்வதில்லை.