மூன்று மழைக்காலம் பார்த்த பாஸிங் வலை

நேற்று என் பாஸிங் வலையின் ரப்பர் கயிறுகளை மூன்றாவது முறையாக மாற்றினேன். கை கழுவி உட்காரும் முன்பே தெரிந்த தம்பி ஒருவர், "அண்ணே, தனியாக கால்பந்து பாஸ் பழக, அடித்த பந்தைத் திருப்பித் தருமே, அந்த வலை வாங்கலாமா?" என்று கேட்டார். அதனால் எழுதுகிறேன்.

இரும்புச் சட்டத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மூலையில் கொஞ்சம் துரு, அவ்வளவுதான். என் வழக்கெல்லாம் வலையை இழுத்துப் பிடிக்கும் அந்த ரப்பர் கயிறுகளோடுதான். ரங்கூன் மழை வைகாசியில் பிடித்தால் ஐப்பசி வரை விடாது. பங்குனி, சித்திரை வெயிலில் வெடித்த ரப்பர், மழையில் ஊறித் தொங்கிவிடுகிறது. தளர்ந்த வலை பந்தின் வேகத்தை விழுங்கிவிடும். ஐந்து மீட்டர் தள்ளி நின்று அடித்தால் பந்து பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. ஒவ்வொரு பாஸுக்கும் நடந்து போய் எடுப்பது என்ன பயிற்சி? முதலில் பந்தில் காற்று இல்லையோ என்று நினைத்து அடித்துப் பார்த்தேன். பந்து சரியாகத்தான் இருந்தது. சைக்கிள் டியூபை நறுக்கிக் கட்டினேன். மூன்று வாரம் அருமை, அப்புறம் பழைய கதை.

சுவரில் அடித்தால் தரையோடு போன பந்து தரையோடு திரும்பும். சாய்ந்த வலையோ தூக்கிக் கொடுக்கும். ஆரம்பத்தில் இதுவும் எரிச்சல்தான். ஆனால் எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது இதுதான். சின்லோன் என்ற பர்மியப் பந்தாட்டம் ஆடி வளர்ந்த கால் என்னுடையது. பிரம்புப் பந்தை மேலே மேலே தட்டத் தெரியும், எழும்பி வரும் பந்தைத் தரையில் அமர்த்தத் தெரியாது. பந்து உள்பாதத்தில் படும் அந்த நொடியில் பாதத்தைச் சற்றே பின்னுக்கு வாங்க வேண்டும். பந்து சத்தமில்லாமல் காலடியில் உட்காரும். திருப்பி அடிக்கும்போது ஊன்றிய கால் இலக்கைப் பார்க்க வேண்டும், கணுக்கால் விறைப்பாக இருக்க வேண்டும். தினமும் இடக்காலால் நூறு. முன்பெல்லாம் இடப்பக்கம் வந்த பந்தை வலக்காலுக்கு மாற்றித்தான் கொடுப்பேன். போன மாதம் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் யோசிக்காமலே இடக்காலால் கொடுத்தேன். ஓடிய பையனின் காலுக்கு முன்னால் போய் விழுந்தது. அன்றைக்குப் பட்ட சந்தோஷம் சொல்லி முடியாது.

சரி, தம்பிக்குப் பதில். பக்கத்தில் நல்ல சுவர் இருந்தால் வாங்காதீர்கள். எங்கள் சுவருக்கு அந்தப்புறம் கைக்குழந்தை தூங்குகிறது, எனக்கு வேறு வழியில்லை. டியூபை இழுத்துக் கட்டிய விரல்கள் இன்னும் எரிகின்றன. இன்று கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். என் வலையை விலைக்குக் கேட்டாலும் தர மாட்டேன்.